அவள் பெயரில் ஒரு கடவுச்சீட்டு

மணநாளுக்கு மனைவியை எதிர்பாராத விதமாக வெளிநாடு அழைத்துச்செல்ல விரும்பும் கணவர்கள் முதலில் அறியவேண்டியவை

வேலூருக்குத் தெற்கே, ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், நகரத்திலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில் ஒதுங்கியிருக்கும் அமிர்தி, இந்தச் சீமையின் தம்பதிகள் பலருக்குக் கல்யாணமான பிறகு இருவருமாகச் சேர்ந்து போன முதல் ஊர். 1967-ஆம் ஆண்டில் அங்கே 25 ஹெக்டேர் பரப்பில் மிருகக்காட்சிசாலை திறக்கப்பட்டது முதல், காணும் பொங்கல் வந்தால் கட்டுச்சோற்று மூட்டையோடு பஸ் ஏறி, மானையும் மயிலையும் குழந்தைகளுக்குக் காட்டி, ஆற்றில் நீரோடும் வருஷமானால் அருவிவரை நடந்து, மரநிழலில் புளியோதரை உண்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புவது இந்த வட்டாரத்தில் குடும்ப வழக்கமாகவே நிலைத்துவிட்டது. அதற்கப்பால் கணவனும் மனைவியும் சேர்ந்து மேற்கொள்ளும் பிரயாணங்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவை: ஒருமுறை ஏலகிரி, சிலமுறை திருப்பதி, கணவருக்கு அறுபது நிறையும்போது சஷ்டியப்த பூர்த்திக்காகத் திருக்கடவூர், இஸ்லாமியக் குடும்பங்களில், கையில் பொருள் சேர்ந்து, பெண்மக்களின் கல்யாணமும் முடிந்த பின்னர், ஹஜ் அல்லது உம்ரா. இவை யாவும் உயர்ந்த யாத்திரைகளே, ஆயினும், "உனக்கு எந்த ஊரைப் பார்க்க ஆசை?" என்று கணவன் கேட்டு, அதற்கு மனைவி சொன்ன பதிலிலிருந்து பிறந்த பிரயாணம் இவற்றுள் ஒன்றாவது உண்டா என்றால், பெரும்பாலான வீடுகளில் இல்லை என்றே சொல்லவேண்டும்.

இப்போது காலம் மாறிவருகிறது. கல்யாண நாளைத் தேதியோடு நினைவில் வைத்துக் கொண்டாடும் வழக்கம் சிற்றூர்களுக்கும் பரவியிருக்கிறது. பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டதால், 25-ஆம் ஆண்டு மணநாளுக்கு ஒரு ஜோடி வளையலோ பட்டுப்புடவையோ மட்டும் போதாது, அவள் பார்த்திராத ஒரு தேசத்துக்கே அழைத்துச்சென்று அவளை ஆச்சரியத்தில் ஆழ்த்தவேண்டும் என்று எண்ணும் கணவர்கள் இங்கேயும் தோன்றியிருக்கிறார்கள். விமான டிக்கெட்டை அவள் கையில் கொடுக்கும் நிமிஷம்வரை ஒன்றும் தெரியக்கூடாது, அது முடியுமா என்பதே அவர்கள் எல்லோருடைய கேள்வியும். அன்பிலிருந்து பிறந்த கேள்வி அது. அதற்கு மதிப்போடும் உண்மையோடும் விடை சொல்வது இக்கட்டுரையின் நோக்கம். விடையைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடலாம்: எந்த நாடு, எந்த நாள், எந்த விடுதி என்பவற்றையெல்லாம் அவளிடமிருந்து மறைக்கலாம், அவளுடைய சம்மதத்தை மாத்திரம் அவளில்லாமல் வாங்கமுடியாது. சட்டம் அதற்கு இடம் தரவில்லை. தராதது நல்லதே என்பது எமது துணிபு.

தோல் போன தூரம்

வேறு எந்த மாவட்டத்தையும்விட இந்த வட்டாரத்துக்கு இவ்விஷயத்தில் ஒரு தனிக் கடமை உண்டு. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட சென்னை மாகாணத்துத் தோல், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்ற பெயரோடு லண்டன் சந்தைக்குக் கப்பலேறிப் பெயர் பெற்றது. 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மத்திய அரசாங்கம் கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்ட தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவித்த பிறகு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் ஷாப்புகளோடு ஷூ கம்பெனிகளும் பெருகின. இன்று அதிகாலையில் கிராமங்களின் வழியாக வரும் கம்பெனி பஸ்களில் ஏறிச்சென்று தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து, ஷூவின் மேற்பாகமாகிய 'அப்பரை'த் தைப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் தைத்த ஜோடுகள் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கடைகளை அடைகின்றன.

சரக்கோடு மனிதர்களும் பயணம் செய்யாமலில்லை. மிலான் நகரத்தில் நடைபெறும் 'லீனியாபெல்லே' தோற்சந்தைக்கும் 'மிக்காம்' காலணிச் சந்தைக்கும், ஹாங்காங்கில் கூடும் தோல் வர்த்தகக் கண்காட்சிக்கும் இந்த ஊர்களின் ஏற்றுமதியாளர்களும் தொழில்நுட்ப வல்லுநர்களும் போய்வருவது சர்வ சாதாரணம். மிலானில் எந்தத் தெருவில் நல்ல காபி கிடைக்கும் என்பதைச் சொல்லக்கூடிய ஆடவர்கள் ஆம்பூரில் இருக்கிறார்கள். அவர்களுடைய இல்லத்தரசிகளில் பலருக்கோ மிலான் என்பது கணவர் ஊரில் இல்லாத நாட்களின் பெயர். அப்பர் தைக்கும் பெண்ணுக்கு அது அட்டைப்பெட்டியின்மேல் ஒட்டிய சீட்டில் அச்சாகியிருக்கும் ஒரு விலாசம். முதலாளி வீட்டிலும் தொழிலாளி வீட்டிலும் பொருளாதார நிலை மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசமாக இருந்தபோதிலும், உலகத்தைப் பார்க்கும் வாய்ப்பு பெண்ணை எட்டாமற்போனது என்ற ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு வீடுகளும் ஒன்றாக இருக்கின்றன. ஆகையால் இந்தச் சீமையில் ஒரு கணவன் தன் மனைவியை வெளிநாடு அழைத்துச்செல்ல எண்ணுவதை வெறும் உல்லாசம் என்று எண்ணி ஒதுக்குவதற்கில்லை; நெடுநாளைய கடன் ஒன்றைத் தீர்க்கும் முயற்சியாகவே அதைக் கருதவேண்டும்.

ஒரு வரியாக இருந்தவள்

கடவுச்சீட்டின் சரித்திரத்தைச் சற்றே திரும்பிப் பார்த்தால், இந்தக் கடனின் ஆழம் புலப்படும். பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்துக் கடவுச்சீட்டுகளில் கணவனும் மனைவியும் சேர்ந்து பிரயாணம் செய்வதானால், மனைவிக்கென்று தனிச் சீட்டு வாங்காமல், கணவனுடைய சீட்டிலேயே அவளுடைய பெயரையும் புகைப்படத்தையும் சேர்த்துவிடுவது வழக்கம். அவனில்லாமல் அவள் அந்தச் சீட்டைக்கொண்டு எங்கும் போகமுடியாது. அவளில்லாமல் அவன் எங்கும் போகலாம். இந்தியாவில் 1920-ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுக்குள் நுழைவதற்குக் கடவுச்சீட்டைக் கட்டாயமாக்கியது. ஆனால் கடவுச்சீட்டு வழங்குவதும் மறுப்பதும் சுதந்திரத்துக்குப் பிறகும் வெகுகாலம் அரசாங்கத்தின் சித்தமாகவே இருந்துவந்தது. 1967 ஏப்ரலில், சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு செல்வது ஒவ்வொருவருடைய தனிமனித சுதந்திரத்திலும் அடங்கியது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையொட்டி அதே ஆண்டு ஜூன் மாதத்தில் இன்றைய கடவுச்சீட்டுச் சட்டம் பிறந்தது. 1978-இல் மேனகா காந்தி வழக்கில் அந்தச் சுதந்திரத்தின் எல்லை மேலும் விரிவடைந்தது.

ஆயினும் சட்டப்புத்தகத்தில் ஏறிய உரிமை அலுவலக மேஜைவரை இறங்கிவர அரை நூற்றாண்டு பிடித்தது. 2016 டிசம்பரில்தான், கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கத் திருமணச் சான்றிதழ் தேவையில்லை என்று வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. 2025 ஜூன் மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு வழக்கு, கணவனோடு விவாகரத்து வழக்கு நடத்திவரும் ஒரு பெண்ணுடைய விண்ணப்பத்தில் கணவனுடைய கையெழுத்தையும் அலுவலகம் கேட்டதைப் பற்றியது. கல்யாணமாகிவிட்டதனால் பெண் தன் தனித்தன்மையை இழந்துவிடுவதில்லை என்றும், கடவுச்சீட்டு பெறுவதற்குக் கணவனுடைய அனுமதியோ கையெழுத்தோ அவளுக்கு வேண்டியதில்லை என்றும், மனைவியைக் கணவனின் உடைமையாகக் கருதும் மனப்பான்மையைக் கண்டித்தும் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பு வழங்கினார். நம் காலத்தில், நம் மாநிலத்தின் நீதிமன்றத்தில், இதைச் சொல்லவேண்டிய அவசியம் நேர்ந்தது என்பதை ஒவ்வொரு கணவனும் ஒரு கணம் எண்ணிப்பார்க்கவேண்டும். அவளுடைய கடவுச்சீட்டுக்கு அவனுடைய கையெழுத்து தேவையில்லை என்று சொல்லும் அதே சட்டம், அவளுடைய கையெழுத்தை அவன் போட்டுவிடமுடியாது என்றும் சொல்கிறது.

ரகசியம் எங்கே உடைகிறது

விண்ணப்பத்தை இணையத்தில் கணவனே பூர்த்தி செய்யலாம். 36 பக்கங்கள் கொண்ட, பத்தாண்டு செல்லத்தக்க சாதாரணக் கடவுச்சீட்டுக்குரிய 1,500 ரூபாயையும், அவசரமானால் தட்காலுக்குரிய கூடுதல் 2,000 ரூபாயையும் அவனே கட்டலாம். அதன்பிறகு குறித்த நாளில் குறித்த நேரத்தில் அசல் ஆவணங்களோடு போய் நிற்கவேண்டியவள் அவள். இதற்காகச் சென்னைக்கு ரயிலேறவேண்டியிருந்த காலம் போய், வேலூரிலேயே அஞ்சலகக் கடவுச்சீட்டு சேவை மையம் இருப்பது இப்போது பெரிய சௌகரியம். அங்கே அவளைப் புகைப்படம் எடுப்பார்கள். பத்து விரல்களின் ரேகையையும் கண்ணாடித் தகட்டின்மேல் பதியவைப்பார்கள். ஆண்டுக்கணக்காகத் தோலையும் பசையையும் நூலையும் தொட்டுத் தேய்ந்த விரல்களில் ரேகை சட்டென்று விழாது; அலுவலர் ஈரத்துணியால் துடைத்து மறுபடியும் வைக்கச் சொல்வார், அழுத்தி வைக்கச் சொல்வார், கட்டைவிரலைச் சற்றுத் திருப்பி வைக்கச் சொல்வார். உலகத்துக்குப் போவதற்கான முதல் சான்று, அவளுடைய உழைப்பின் அடையாளம் ஏறிய அந்த விரல்களிலிருந்தே எடுக்கப்படுகிறது. அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் நின்று பார்க்கும் பாக்கியத்தை, ரகசியத்தின் பொருட்டுக் கணவன் இழப்பானேன்?

பெயர் விஷயம் தமிழர்களுக்கே உரிய பெரிய இடர். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, முன்னெழுத்து உண்டு. கல்யாணத்துக்கு முன் தகப்பனார் பெயரின் முதலெழுத்து, பின் கணவர் பெயரின் முதலெழுத்து என்று மாறியதில், பள்ளிச் சான்றிதழில் ஒன்றும் ஆதாரில் ஒன்றும் வாக்காளர் அட்டையில் மற்றொன்றுமாக ஒரே பெண் மூன்று பெயர்களில் வாழ்ந்துகொண்டிருப்பாள். கடவுச்சீட்டு விண்ணப்பமோ, முன்னெழுத்தை விரித்து எழுதும்படியும், பெயரையும் குடும்பப் பெயரையும் தனித்தனிக் கட்டத்தில் நிரப்பும்படியும் கேட்கிறது. குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடலாம் என்று எண்ணுவோர், ஐக்கிய அரபு நாடுகள் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயருடைய கடவுச்சீட்டோடு வரும் சுற்றுலாப் பயணிகளை ஏற்கமாட்டோம் என்று அறிவித்ததையும், பின்னர்த் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ கடவுச்சீட்டின் பின்பக்கத்தில் இருந்தால் போதும் என்று தளர்த்தியதையும் நினைவில் கொள்ளவேண்டும். எந்தப் பெயரில் தான் உலகத்துக்கு அறிமுகமாகவேண்டும், அப்பாவின் பெயரோடா, கணவரின் பெயரோடா என்பது அவள் ஒருத்தியே தீர்மானிக்கவேண்டியது. விமான டிக்கெட்டில் அந்தப் பெயர் எழுத்துப் பிசகாமல் அப்படியே இருக்கவேண்டும்.

மூன்றாவதாகப் போலீஸ் விசாரணை. கிராமத்து வீட்டு வாசலில் காக்கிச் சட்டை வந்து நின்றாலே அக்கம்பக்கத்துக் கதவுகள் திறக்கும். "ஏம்மா, பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கீங்களே, எந்த நாட்டுக்குப் போறீங்க?" என்று ஏட்டு கேட்கும்போது, ஒன்றும் அறியாத மனைவி திகைத்து, வீட்டுக்காரர் ஏதோ வம்பில் மாட்டிக்கொண்டார் போலும் என்று கலங்கிப்போவாளேயானால், அந்த ஆச்சரியத்தில் ஆனந்தம் எங்கே இருக்கும்?

பத்தாம் வகுப்புத் தேறாத பெண்கள் இந்தத் தொழிலில் ஏராளம். ஐம்பது வயதுக்குட்பட்ட அத்தகையோரின் கடவுச்சீட்டில் பொதுவாகக் 'குடியகல்வுச் சோதனை தேவை' என்ற ஈ.சி.ஆர். குறிப்பு இடம்பெறும். வளைகுடா நாடுகளும் மலேசியாவும் தாய்லாந்தும் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்காகச் செல்வோரை மோசடிக் கங்காணிகளிடமிருந்து காக்க ஏற்பட்டது அது. சுற்றுலா செல்வோருக்கு அந்த அனுமதி தேவையில்லை. எனினும் திரும்பிவரும் டிக்கெட்டையும் விடுதி முன்பதிவையும் கையில் வைத்திருப்பது நல்லது. இந்தக் குறிப்பைப் பார்த்ததும் தனக்கு வெளிநாடு விதிக்கப்படவில்லை என்று மனம் தளர்ந்துபோகும் பெண்களுக்கு, இதனால் தடையொன்றும் இல்லை என்பதை முன்கூட்டியே எடுத்துச் சொல்லவேண்டும். மனைவி அரசாங்க ஊழியராகவோ ஆசிரியையாகவோ இருந்தால் வெளிநாடு செல்லத் துறையின் முன் அனுமதி வேண்டும். அதையும் அவளேதான் எழுதிக் கேட்கவேண்டும்.

எதை மறைக்கலாம்

இவ்வளவையும் சொன்னதனால் ஆச்சரியத்துக்கே இடமில்லை என்று எண்ணிவிடக்கூடாது. கடவுச்சீட்டு கைக்கு வந்துவிட்ட பிறகு, அதன் எண்ணையும் புகைப்படத்தையும் கொண்டு கணவன் தானே முடிக்கக்கூடிய ஏற்பாடுகள் பல. ஆகவே கடவுச்சீட்டை ஒரு மணநாளின் பரிசாகவும், பிரயாணத்தை அடுத்த மணநாளின் பரிசாகவும் வைத்துக்கொள்வதே உசிதமான முறை. முதல் பரிசை அவளறிய வாங்கவேண்டும். இரண்டாவதை அவளறியாமல் தரலாம்.

பூரணமான ரகசியமே வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு தேசங்கள் இருக்கின்றன. 1950-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழிவந்த உறவினால் நேபாளத்துக்கு இந்தியர்கள் விசாவின்றிச் செல்லலாம். கடவுச்சீட்டு இல்லாவிட்டால் வாக்காளர் அட்டை போதும். பூடானுக்கும் அவ்வாறே, அங்கே தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் இந்தியர் ஒருவருக்கு 1,200 ரூபாய் வளர்ச்சிக் கட்டணம் உண்டு. ஆதார் அட்டையை நம்பி விமான நிலையத்துக்குப் போய் நிற்கக்கூடாது. வாக்காளர் அட்டை வீட்டில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதைச் சந்தடியில்லாமல் தெரிந்துகொண்டால், நேபாளத்துப் பசுபதிநாதர் ஆலயத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும்வரை அவளுக்கு ஒன்றும் சொல்லாமலே இருக்கலாம்.

கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு அருகில் இருப்பது இலங்கை. இணையத்தில் முன் அனுமதி பெற்றுக்கொண்டு, சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ பறக்கலாம். கடலையே காணாத மனைவிக்கு, 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடியும் ஓடத் தொடங்கிய நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் பிரயாணம் விமானத்தைவிட உவப்பாக இருக்கும். ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் அக்கரை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கப்பல் ஓடாது என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் மணநாள் வருகிறவர்கள் நாளை மாற்றிக்கொள்ளவேண்டும். நல்லூர்க் கந்தன் கோயில் வாசலில் தன் மொழியையே வேறொரு இசையில் கேட்பதும், எரிந்து மீண்டும் எழுந்த யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் படியில் நிற்பதும், முதன்முதல் வெளிநாடு காணும் தமிழ்ப் பெண்ணுக்கு மறக்கவொண்ணாத அனுபவங்களாகும்.

மலேசியாவும் தாய்லாந்தும் 2023-இன் இறுதியில் இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்தன. வருகைப் பதிவை இணையத்தில் செய்துவிட்டுச் செல்லவேண்டும். இத்தகைய விலக்குகள் அவ்வப்போது மாறுபவையாதலால், டிக்கெட் வாங்குமுன் அந்தந்தத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்ப்பது அவசியம். ராஜேந்திர சோழனின் கடற்படை 1025-ஐ ஒட்டி வென்ற கடாரமே இன்றைய கெடா மாநிலம். அங்கே பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய ஆலயங்களின் அடித்தளங்கள் இன்றும் காட்சிக்கு இருக்கின்றன. பத்துமலையில் 2006-ஆம் ஆண்டு முதல் 42.7 மீட்டர் உயரத்தில் நிற்கும் முருகன் சிலையைக் காண எல்லோருக்கும் ஆசை உண்டு. ஆனால் குகைக்கு ஏற 272 படிகள். முழங்கால் வலியுள்ள மனைவியைக் கீழே உட்காரவைத்துவிட்டுக் கணவன் மட்டும் ஏறிப்போவதற்காக ஒரு தேசத்தைத் தேர்ந்தெடுப்பது அன்பாகாது.

ஐரோப்பாவை நினைப்பவர்கள், ரகசியத்தை அடியோடு மறந்துவிடவேண்டும். ஷெங்கன் விசாவுக்கு அவளே நேரில் போய்க் கைரேகை பதியவேண்டும். ஒருமுறை பதிந்தால் 59 மாதங்கள் செல்லும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். வங்கிக் கணக்கையும் வருமானவரிக் கணக்கையும் காட்டவேண்டும். ஆயினும் வர்த்தகத்தின் பொருட்டு ஆண்டுதோறும் மிலானுக்குப் போய்வரும் ஏற்றுமதியாளர்களுக்கு இது ஒரு பொருட்டல்ல. அடுத்த சந்தைக்குச் செல்லும்போது, வேலை முடிந்த பிறகு நான்கு நாள் கூட்டி, மனைவியையும் அழைத்துச்சென்று, தாம் இத்தனை ஆண்டு நடந்த தெருக்களை அவளுக்குக் காட்டுவார்களாயின், அதைவிடப் பெரிய மணநாள் பரிசு வேறொன்று இராது.

கொச்சி தந்த பாடம்

பொருள் இருப்பவர்களுக்குத்தானே இதெல்லாம் என்ற கேள்விக்கு, அண்டை மாநிலத்தில் வாழ்ந்து காட்டப்பட்ட விடை ஒன்று உண்டு. கொச்சியில் 'ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ்' என்ற சிறிய தேநீர்க் கடையை நடத்திவந்த கே.ஆர். விஜயனும் அவருடைய மனைவி மோகனாவும், 2007 முதல் பதினான்கு ஆண்டுகளில் 26 நாடுகளைச் சேர்ந்தே பார்த்துவந்தார்கள். கடை வருமானத்தில் நாளொன்றுக்கு 300 ரூபாய் எடுத்துவைப்பார்கள். பற்றாக்குறைக்குக் கடன் வாங்குவார்கள். போய்வந்து, அந்தக் கடனை உழைத்து அடைத்து, மறுபடியும் சேர்ப்பார்கள். அவர்களைப் பற்றி ஹரி எம். மோகனன் இயக்கிய 'இன்விசிபிள் விங்ஸ்' என்ற ஆவணப்படம் 2018-இல் வெளிவந்தது. 2019-இல் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா அவர்களுடைய ஆஸ்திரேலியப் பிரயாணத்துக்கு உதவினார். 2021 அக்டோபரில் இருவரும் ருஷ்யா சென்று திரும்பினார்கள். அடுத்த மாதமே, நவம்பர் 19-ஆம் தேதி, விஜயன் காலமானார்.

நாளொன்றுக்கு 300 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,09,500 ரூபாய். மூன்றாண்டில் மூன்று லட்சத்தைத் தாண்டும். ஷூ கம்பெனிச் சம்பளத்தில் அவ்வளவு சேர்ப்பது எளிதன்று. அதில் பாதியோ மூன்றிலொரு பங்கோ சேர்த்தால் இலங்கை கைக்கு எட்டும். ஊரில் நகைச்சீட்டும் பண்டச்சீட்டும் கட்டாத வீடு இல்லை. பிரயாணத்துக்கென்று ஒரு சிறு சேமிப்பும் அவற்றோடு நடக்கலாம். விஜயன் தம்பதியரின் கதையில் நாம் கருத்தூன்றிக் கவனிக்கவேண்டியது வேறொன்று. அவர்களுடைய பிரயாணங்களில் ஒன்றாவது ஒருவர் மற்றவருக்கு ஒளித்து வைத்ததன்று. டீ ஆற்றிய கையும் பாத்திரம் துலக்கிய கையும் சேர்த்த காசு அது. அடுத்த நாடு எது என்ற பேச்சு கடையின் வேலைகளுக்கிடையே நடந்துகொண்டிருந்திருக்கும். ஒரு வாரப் பிரயாணத்துக்காக மூன்று வருஷம் சேர்ந்து கனவு காண்பவர்கள், அந்த மூன்று வருஷமும் பிரயாணம் செய்தவர்களே ஆகிறார்கள். முழு ரகசியமாகச் செய்கிற கணவன், தெரியாமலே தன் மனைவிக்கு அந்த மூன்று வருஷ இன்பத்தை இல்லாமற் செய்துவிடுகிறான்.

கேட்டு அறிய வேண்டியவை

அவள் மனத்தில் ஏற்கெனவே ஓர் ஊர் இருக்கக்கூடும். 1969-இல் வெளிவந்த 'சிவந்த மண்' ஐரோப்பாவையும், 1973-இல் வந்த 'உலகம் சுற்றும் வாலிபன்' ஜப்பானையும் ஹாங்காங்கையும் டூரிங் டாக்கீஸின் மணல் தரைவரை கொண்டுவந்தன. அன்று பத்து வயதுச் சிறுமியாக அவற்றைப் பார்த்தவள் இன்று அறுபதைக் கடந்து, அந்த ஆசையை யாரிடமும் சொல்லாமலே பேரன் பேத்திகளை வளர்த்துக்கொண்டிருக்கலாம். மற்றொருத்திக்குப் பெத்லகேமைக் காண ஆவல் இருக்கலாம். கிறிஸ்தவர்களின் புனிதப் பிரயாணத்துக்குத் தமிழக அரசின் மானியமும் உண்டு. இன்னொருத்திக்கு, மகப்பேற்றின்போது தான் துணைக்குப் போகமுடியாமற்போன மகளின் சிங்கப்பூர் வீட்டைப் பார்த்துவிட்டால் போதுமென்று இருக்கலாம். நேரடியாகக் கேட்டால் "எனக்கென்ன ஆசை, நீங்க எங்க சொன்னாலும் சரிதான்" என்றே அவள் சொல்லுவாள். அப்படிச் சொல்லப் பழக்கப்பட்டவள். அதை இறுதிப் பதிலாகக் கொள்ளாமல், அவள் தங்கையிடமோ மகளிடமோ கேட்டறிவதும், தொலைக்காட்சியில் எந்த ஊரைக் கண்டு அவள் கை வேலையை நிறுத்துகிறாள் என்று பார்ப்பதும் கணவனுடைய வேலை. உண்மையில் ரகசியமாக நடக்கவேண்டிய முயற்சி இதுவே.

அவள் புறப்படுவதற்குத் தடையாக நிற்பவை எவை என்பதையும் அவன் அறிந்திருக்கவேண்டும். மாமியாருக்கு வேளைக்கு மருந்து கொடுப்பது யார், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்குச் சமைத்துப் போடுவது யார், மாட்டைக் கறப்பது யார், கம்பெனியில் ஆர்டர் நெருக்கடியான மாதத்தில் லீவு கிடைக்குமா, கட்டவேண்டிய குழுக் கடன் தவணை என்ன ஆகும் என்ற கேள்விகளையெல்லாம் அவளே தீர்த்துவிட்டுத்தான் விமானம் ஏறவேண்டும் என்றால், அந்தப் பிரயாணம் அவளுக்கு மற்றொரு பொறுப்பாகத்தான் முடியும். இவற்றை முன்கூட்டியே அவன் தீர்த்துவைப்பதே பரிசின் பெரும்பகுதி. சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரின் சீட்டோடு நாள் கணக்குக்குக் கூடுதலான மாத்திரைகளைக் கைப்பையில் எடுத்துக்கொள்வதும், கடவுச்சீட்டு திரும்பும் நாளுக்கப்பால் ஆறு மாதமாவது செல்லத்தக்கதா என்று பார்ப்பதும், வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்குப் பிடிக்கப்படும் வரியை வருமானவரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம் என்பதை நினைவில் வைப்பதும் அவனுடைய கவலைகளாக இருக்கட்டும். இடத்தின் பெயரைச் சொல்லாவிட்டாலும், குளிரா வெயிலா, எத்தனை நாள், எவ்வளவு நடக்கவேண்டும் என்ற மூன்றையும் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னதாக அவளிடம் சொல்லிவிடவேண்டும். எந்தப் புடவையை எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் வெளிநாட்டில் கூச்சத்தோடு நிற்கும் நிலையை எந்தப் பெண்ணுக்கும் உண்டாக்கக்கூடாது.

கணவனுக்கு மனைவி செய்யும் ஏற்பாடானாலும் இவையாவும் அப்படியே பொருந்தும். ஷூ கம்பெனியில் சம்பாதிக்கும் பெண்கள் பலர், வண்டி ஓட்டியோ கூலிக்குச் சென்றோ உடல் தேய்ந்த கணவர்களை ஒருமுறையாவது எங்கேனும் அழைத்துச்செல்ல விரும்புகிறார்கள். அவர்களும் முதலில் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு வேலூர் மையத்துக்குத்தான் போகவேண்டும்.

ஆகவே, இந்த ஆண்டு மணநாள் வருகிறவர்களுக்கு நாம் சொல்வது இதுவே. பணம் இன்னும் சேரவில்லையே என்று காத்திருக்கவேண்டாம். பிரயாணம் மூன்றாண்டுக்குப் பிறகு அமைந்தாலும் அமையட்டும். 1,500 ரூபாய் செலவில் அவளுடைய பெயரில், அவள் தேர்ந்தெடுத்த முன்னெழுத்தோடு, அவளுடைய கையெழுத்திட்ட கடவுச்சீட்டை இந்த ஆண்டே வாங்கிவிடுங்கள். அது பத்தாண்டு செல்லும். அந்தப் பத்தாண்டுகளில் நீங்கள் அவளை எங்கே அழைத்துச்செல்லலாம் என்பதோடு, நீங்கள் வராவிட்டாலும் அவள் மகளோடோ தோழியரோடோ தனியாகவோ எங்கே போகலாம் என்பதற்கும் அதுவே ஆதாரம். தானே போகமுடிந்த ஒருத்தி, உங்களோடு வர விரும்பிப் புறப்படுகிறாளே, அந்த விருப்பத்தைப் பெறுவதுதான் இத்தனை ஆண்டு இல்லறத்தின் பேறு; அந்தப் பேற்றை அடைந்த கணவனுக்கு, எந்த நாடு என்பதை மட்டும் கடைசிவரை மறைத்துவைத்து அவளை மகிழ்விக்க முழு உரிமையும் உண்டு.